கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலை

பெருங்களத்தூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் இருந்த இரண்டு வருடத்தில் என்னைப் பற்றி மூன்று கதைகள் உலவின. முதல் கதைப்படி நான் கருக்கலைப்பு செய்கிறவள். இரண்டாவது கதையில் கல்லூரிப் பெண்களுக்குப் போதை ஊசி போடுகிறவள். மூன்றாவதை யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். ‘அந்த மாதிரி’ என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் குழந்தைகள் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றையும் சேர்த்து நம்பியவர்களும் இருந்தார்கள். ஒருத்தி ஒரே அறையில் இத்தனை தொழிலையும் எப்படி நடத்துவாள், நடுவில் சாப்பிடவாவது நேரம் கிடைக்குமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் செய்தது பெண்களின் முகத்தில் முளைக்கும் முடியை வேரோடு போக்கும் வேலை. எலக்ட்ராலிசிஸ் என்று பெயர். முடி முளைத்திருக்கும் துளைக்குள், முடியை ஒட்டியே, அதே அளவு மெல்லிய ஊசியை இறக்க வேண்டும். சில நொடி மின்சாரம் விட்டால் வேர் செத்துவிடும். பிறகு பிளக்கரால் தொட்டால் முடி தானாகக் கையோடு வரும். இழுக்க வேண்டியிருந்தால் வேர் சாகவில்லை, இன்னொரு முறை இறக்க வேண்டும். ஒரு முடிக்கு ஒரு குத்து. எல்லா முடியும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை என்பதால், ஒரு தாடையை முடிக்க ஒன்றரை வருடம்கூட ஆகும். முடித்துவிட்டால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காது.

இந்த வேலையைப் பல்லாவரம் பக்கம் ஒரு தோல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து கற்றுக்கொண்டேன். மூன்று மாதப் படிப்பு படித்துச் சான்றிதழும் வாங்கினேன். அப்புறம் அவர் லேசர் மெஷின் வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு பழைய மெஷினை எனக்கே கொடுத்துவிட்டு, “லேசர் நரைமுடியைப் பிடிக்காது. அந்த மாதிரி கேஸெல்லாம் உன்கிட்ட அனுப்பறேன்” என்றார். சொன்னபடி அனுப்பவும் செய்தார். எங்கள் வீடு ஊரப்பாக்கத்தில். என் கணவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, பாதி நாள் பகலில்தான் தூங்குவார். தூங்குகிற மனிதரைத் தாண்டி ஊர்ப் பெண்களை உள்ளே அழைத்துப்போக முடியாது. அதனால்தான் பெருங்களத்தூரில் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை வீட்டை வாடகைக்குப் பிடித்தேன்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. முடி கொஞ்சமாவது வளர்ந்திருந்தால்தான் ஊசி இறங்க வழி தெரியும். அதனால் என்னிடம் வருகிறவர்கள் வருவதற்கு முந்தைய சில நாட்கள் முடியைத் தொடாமல் விட வேண்டும். எந்த முகத்தை உலகத்திடமிருந்து மறைப்பதற்காக வருகிறார்களோ, அந்த முகத்தை வளர்த்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறி வர வேண்டும். போகும்போது தாடை முழுக்கச் சிவந்து தடித்திருக்கும். ஆகவே வரும்போதும் துப்பட்டா, போகும்போதும் துப்பட்டா. கண் மட்டும் தெரியும். ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்கள் எல்லோரும் அப்போது அப்படித்தான் கட்டிக்கொண்டு போனார்கள், தூசிக்கு. ஆனால் ஸ்கூட்டியை விட்டு இறங்கிய பிறகும் அவிழ்க்காமல் ஒரு வீட்டுக்குள் போனால், பார்க்கிறவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும்.

வாசலில் நின்று அழைப்புமணி அடிக்க யாருக்கும் விருப்பமில்லை. ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். நான் நிமிடங்களை எண்ணிக் கதவைத் தாழ் நீக்கி வைப்பேன். நேரே உள்ளே வந்துவிடுவார்கள். பெயர் கேட்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஊசி, அதற்குத் தனித்தனி கண்ணாடிக் குழாய். அதன் மேல் ஒட்டும் காகிதத்தில் அவர்கள் ஏறும் ஸ்டேஷனின் பெயரை எழுதிவிடுவேன். பல்லாவரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி. குரோம்பேட்டையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் குரோம்பேட்டை பெரியவர், குரோம்பேட்டை சின்னவர். ஊசிகளை பிரஷர் குக்கரில் வைத்துச் சுத்தம் செய்வேன், தினமும் காலையில் நாலு விசில்.

எனக்கும் சந்தேக புத்தி உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். போனில் முதல்முறை பேசுகிற எவரும் தனக்கு என்று கேட்க மாட்டார்கள். என் ஃப்ரெண்டுக்கு, என் நாத்தனாருக்கு, எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணுக்கு என்பார்கள். நான் உடனே நம்பிவிட மாட்டேன். குறுக்குக் கேள்வி கேட்பேன். ‘உங்க ஃப்ரெண்டு இப்ப த்ரெடிங் பண்றாங்களா, ஷேவ் பண்றாங்களா?’ என்றால் அந்தப் பக்கம் சத்தமே வராது. அந்த மௌனம்தான் எனக்கு அத்தாட்சி. விவரமாகப் பதில் சொன்னால் வைத்துவிடுவேன். வம்புக்காகவே போன் செய்கிறவர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களுக்குத்தான் நன்றாகப் பேச வரும்.

மூன்றாம் மாடிக்காரி என்னிடம் வந்தது நான் அங்கே போய் மூன்று நான்கு மாதம் கழித்து. கையில் ஒரு கிண்ணத்தோடு கதவைத் தட்டினாள். தயிருக்கு உறை மோர் கேட்டாள். நான் அங்கே சமைப்பதில்லை, இல்லை என்றேன். அவள் போகவில்லை. என் தோளுக்கு மேல் உள்ளே எட்டிப் பார்த்தாள். வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தப் போனேன். “அக்கா, நீங்க பல்லாவரத்துல டாக்டர்கிட்ட இருந்தீங்க இல்ல” என்றாள். அப்போதுதான் விளக்கு வெளிச்சம் அவள் தாடையில் விழுந்தது. பவுடருக்குக் கீழே கருநீலமாக, தினமும் ஷேவ் செய்கிற தாடை. அவளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டேன்.

வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கல்யாணமாகி ஆறு வருடம். அவள் கணவர் வங்கியில் அதிகாரி, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். ஆறு வருடமாக அவர் எழுவதற்கு முன் எழுந்து, குளியலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஷேவ் செய்து, மஞ்சளும் பவுடரும் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். அவருக்குத் தெரியவே தெரியாதா என்று கேட்டேன். தெரியாது என்றாள். நான் நம்பவில்லை, இப்போதும் முழுதாக நம்பவில்லை. ஆனால் ஏன் மறைக்கிறாள் என்பதற்கு அவள் சொன்ன காரணத்தை நம்பினேன். கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்தப் பெண்ணுக்கு உதட்டுக்கு மேல் லேசாக மீசை இருந்ததாம். வேண்டாம் என்று வந்துவிட்டார்கள். பிறகு பல மாதம் வீட்டில் அதுதான் சிரிப்பு. போலீஸ்காரரைப் பார்த்தால் அந்தப் பெண்ணின் பேச்சு, நாடகத்தில் ராஜா வந்தால் அந்தப் பெண்ணின் பேச்சு.

“நீங்க என்ன பண்ணீங்க?” என்றேன்.

“நானும் சிரிச்சேன்க்கா. நான் சிரிக்கலேன்னா என் முகத்தைப் பார்ப்பாங்க.”

அவளுக்கு ஸ்டேஷன் இல்லாததால் குழாயில் ‘மாடி’ என்று எழுதினேன். கணவர் அலுவலகம் போன பிறகு பதினொரு மணிக்குக் கிண்ணத்தோடு இறங்கி வருவாள். ஷேவ் செய்த முடியில் ஊசி இறங்காது என்பதால், அவள் விஷயத்தில் ஒவ்வொரு முறையும் தாடையில் ஒரு சின்ன இடத்தை மட்டும் இரண்டு நாள் விட்டுவைக்கச் சொல்லி, அதை முடித்து அடுத்த இடத்துக்குப் போனோம். மற்றவர்களைவிட மெதுவாகத்தான் நடந்தது. அந்தந்த இடத்தில் வரும் சிவப்புப் புள்ளிகளை அவள் வேர்க்குரு என்று கணவரிடம் சொல்லிவைத்திருந்தாள். மார்கழிக் குளிரிலும் வேர்க்குரு. அந்த நல்ல மனிதர் அதற்கென்று ஒரு பவுடர் டப்பா வாங்கி வந்து கொடுத்தாராம். ஒன்றரை வருடத்தில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. கழுத்துப் பக்கமும் இடது தாடை ஓரமும்தான் பாக்கி.

பேச்சு எப்படி ஆரம்பித்தது என்று சரியாகத் தெரியாது. என் கணக்குப்படி குக்கரில்தான் ஆரம்பித்தது. எதிர் வீட்டு அம்மாள் மொட்டை மாடியில் வடாம் பிழியும்போது, “தினம் விசில் வருது, ஒரு நாளாவது சாப்பாட்டு வாசனை வந்திருக்கா?” என்று கேட்டதாக மூன்றாம் மாடிக்காரியே வந்து சொன்னாள். அதற்கடுத்து குப்பை அள்ளுகிற அம்மாள் என் குப்பையில் புள்ளி புள்ளியாக ரத்தம் பட்ட பஞ்சையும் ரப்பர் கையுறையையும் பார்த்துவிட்டு நாலு வீட்டில் சொன்னாள். வாசலில் சில நாள் பைக்கோடு காத்திருக்கும் ஆண்களை யாரும் அண்ணன் என்றோ கணவன் என்றோ நினைக்கவில்லை. ரயிலில் தனியாக அனுப்பப் பயந்து கூடவே வந்த அப்பாக்கள்கூட அந்தக் கதையில் வேறு ஆளாகிவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லாமல் இருந்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருவர் சொன்னார். கோவளம் பக்கம் மீனவக் குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் வருவார், அங்கே ஸ்டேஷன் இல்லாததால் அவர் குழாயில் ஊர்ப்பெயரையே எழுதியிருந்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்று முடித்துவிட்டுக் கூடையோடு வருவார். முகத்தை மூடவே மாட்டார். “மூடிக்கினு போனா மூச்சு முட்டுது, இன்னாத்துக்கு மூடணும்?” என்பார். ஒருநாள் வாட்ச்மேன் அவரை நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

“தாடி எடுக்கப் போறேன்யா. உனுக்கும் எடுக்கணுமா?”

வாட்ச்மேன் நேரே செயலாளரிடம் போய், அங்கே வருகிறவர்கள் எல்லாம் வாய்த்துடுக்கு, கேட்டால் நக்கல் பண்ணுகிறார்கள் என்று புகார் கொடுத்துவிட்டார். அன்று மூன்றாம் மாடிக்காரி கிண்ணத்தோடு வந்தபோது, கதவு தாழிட்டிருக்கிறதா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்தாள். கணவர் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார், அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்த பிறகும் அவளால் கட்டிலில் அசையாமல் படுக்க முடியவில்லை. அன்றைக்கு ஊசி போடவே முடியாமல் அனுப்பிவிட்டேன்.

பிறகு வீட்டுக்காரர் வந்தார். அந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் நெல் வயல். பில்டரிடம் நிலத்தைக் கொடுத்து நாலு வீடு வாங்கிக்கொண்டு, கூடவே ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமென்ட் கடையும் வைத்திருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“இன்னாமா இது, ஒரே பேஜாரா கீது. தினம் ஒருத்தன் வந்து ஒரு கதை சொல்லிக்கினு கீறான். உள்ளார இன்னாதான் பண்றே?”

“முகத்துக்கு ட்ரீட்மென்ட்ணா. நீங்க வாடகைக்கு விடும்போதே சொன்னேனே.”

“சொன்னே. நானும் பார்லர்னு நெனச்சேன். பார்லர்னா போர்டு இருக்கணுமே. பாட்டு போடுவாங்க, நாலு பொண்ணுங்க சிரிச்சுக்கினு வரும். இங்க எல்லாம் எழவு வூட்டுக்கு வர்ற மாதிரி வருதுங்க.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்திலிருந்து வந்து அறையைப் பார்ப்பார்கள், ஒழுங்காகக் காட்டி ஒழுங்காகப் பதில் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெரிய கவலை தோன்றவில்லை. அலமாரியில் சான்றிதழ் இருக்கிறது. பெண்களின் முகத்தில் வளரும் முடியை எடுக்கிறேன், வருகிறவர்களின் பெயர் எனக்கே தெரியாது என்று சொன்னால் தீர்ந்தது. கொஞ்ச நாள் மூக்கைச் சுளிப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மாடிக்காரி வந்தாள். கிண்ணம் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நாளைக்கு என்ன சொல்லப் போறீங்கக்கா?”

“உள்ளதைச் சொல்லப் போறேன். உங்க பேர் எதுக்கு வருது? வராது.”

“பேர் வேணாம்க்கா. முடி எடுக்கற இடம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், அவர் வீட்டுக்கு வந்து என் தாடையைப் பார்ப்பார். வேர்க்குரு, கிண்ணம், எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துடுவார். கணக்கு பார்க்கறதுதான் அவர் வேலையே.”

“அப்போ நான் என்னன்னு சொல்றது? ஊரே என்னை என்னென்னவோ சொல்லுது, காதுல விழலையா உங்களுக்கு?”

விழுகிறது என்று தலையாட்டினாள். பிறகு என் காலில் விழப் போனாள். நான் பிடித்து நிறுத்தினேன். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. என் பிழைப்பு, என் மானம், நாளைக்கு என் கணவர் காதுக்கு எந்தக் கதை போகும் என்ற பயம், இவ்வளவும் ஒரு பக்கம். அவள் தாடை ஒரு பக்கம். இருந்தும் சரி என்று சொல்லிவிட்டேன். நல்ல மனசால் சொன்னேன் என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்ற நம்பிக்கையில்தான் பல்லாவரமும் வண்டலூரும் என்னிடம் முகத்தைக் காட்டினார்கள். ஒருத்தி விஷயத்தில் தவறினால் இந்தத் தொழிலே இல்லை.

பரு, தழும்புக்குச் சிகிச்சை என்று சொல்வதாக முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிறு காலை ஐந்து பேர் வந்தார்கள். செயலாளர், இன்னும் இரண்டு ஆண்கள். பெண் இருக்கும் அறைக்குள் ஆண்கள் மட்டும் போனால் நன்றாக இருக்காது என்று மரியாதைக்கு இரண்டு பெண்களையும் கூட்டி வந்திருந்தார்கள். ஒருவர் எதிர் வீட்டு அம்மாள். இன்னொருத்தி அவள். பட்டுக்கரைப் புடவை கட்டி, முகத்துக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் பவுடர் போட்டிருந்தாள். நான் கதவைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால்தான் குழாய்களின் நினைவு வந்தது. ஓடிப்போய் ‘மாடி’ என்று எழுதியதை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

செயலாளர் குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர். கட்டிலைப் பார்த்தார், பெரிய விளக்கைப் பார்த்தார், மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு குழாய்கள் நின்ற தாங்கியின் பக்கம் குனிந்தார்.

“பல்லாவரம், குரோம்பேட்டை பெரியவர், குரோம்பேட்டை சின்னவர், வண்டலூர், கோவளம். என்ன மேடம் இதெல்லாம்?”

“வர்றவங்க எங்கேருந்து வர்றாங்கன்னு அடையாளம் சார்.”

“பேர் எழுதலையா?”

“பேர் கேக்கறதில்ல சார்.”

கூட வந்த ஒருவர் இன்னொருவரிடம் மெதுவாக, ஆனால் எனக்கும் கேட்கும்படி, “ஏரியா பிரிச்சு வெச்சிருக்காங்க சார். பெரியவர் சின்னவர்னா யாரு, புரோக்கரா?” என்றார். நான் இரண்டு வருடம் கவனமாகச் செய்த ஒரு நல்ல காரியம் அவர்கள் கண்ணெதிரே அப்படி மாறிக்கொண்டிருந்தது. அந்த நிமிடம் எனக்கு அழுகை வரவில்லை, அறைய வேண்டும் போல இருந்தது.

பருவுக்கு ட்ரீட்மென்ட் என்றேன். டாக்டரா என்றார். இல்லை, படித்திருக்கிறேன் என்றேன். சான்றிதழ் எங்கே என்றார். இரண்டு அடி தள்ளி அலமாரியில் இருந்தது. அதில் நிரந்தர முடி நீக்கம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அவளுக்கும் அது அங்கே இருப்பது தெரியும், ஒருமுறை கையில் வாங்கிப் படித்திருக்கிறாள். இப்போது அவள் அலமாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்ல இருக்கு சார்” என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. எது பொய் என்பது ஒருத்திக்கு மட்டும்தான் தெரிந்தது.

செயலாளர் மனைவி பக்கம் திரும்பினார். “நீ பகல்ல வீட்லதானே இருக்கே. இவங்களைப் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமா?”

தெரியாது என்று அவள் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்கு நான் தயாராகவே இருந்தேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா வர்றவங்க யாரையும் பார்த்தா நல்ல குடும்பத்துப் பொண்ணுங்களாத் தோணல.”

அவர்கள் போன பிறகு நெடுநேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். இடுப்பில் குழாய் அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. எடுத்து வெளியே எறியலாமா என்று யோசித்தேன். பிறகு எப்படியோ மற்றவற்றோடு பெட்டியில்தான் வைத்தேன்.

அந்த வாரமே என்னைக் காலி செய்யச் சொல்லும் மனுவை வீட்டுக்காரர் கொண்டுவந்து காட்டினார். மொத்தக் குடியிருப்பும் கையெழுத்துப் போட்டிருந்தது. செயலாளர் கையெழுத்துக்குக் கீழே அவர் மனைவியுடையது, குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தில். “நான் இன்னாமா செய்ய முடியும். எனுக்கும் வயசுக்கு வந்த பொண்ணு கீது” என்றார் வீட்டுக்காரர். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இன்றுவரை எனக்கு மனத்தாங்கல்.

ஊரப்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை கிடைத்தது. பழையவர்களில் பாதிப் பேர்தான் தேடி வந்தார்கள். மீதிப் பேருக்கு எந்தக் கதை போய்ச் சேர்ந்ததோ தெரியாது. எனக்கும் புத்தி கெட்டுப்போயிற்று. புதிதாக யார் போன் செய்தாலும் சங்கத்து ஆள் என்றே தோன்றும். கதவில் சின்ன கண்ணாடித் துளை போட்டு, இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். இந்தப் புதுப் பெண் உண்மையிலேயே முகத்துக்குத்தான் வருகிறாளா என்று தாடையைப் பார்க்கும்வரை சந்தேகம் போகாது.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். தெரியாத எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. நான் கதவைத் தாழ் நீக்கவில்லை. துளை வழியாகப் பார்த்தேன். முகம் முழுக்க மூடியிருந்தாலும் அவள் நிற்கிற விதம் தெரிந்துவிட்டது. முதலில் பார்த்தது அவளை அல்ல, அவளுக்குப் பின்னால் படிக்கட்டில் யாராவது நிற்கிறார்களா என்றுதான். யாருமில்லை. அப்புறமும் கொஞ்ச நேரம் நிற்கவைத்தேன்.

உள்ளே வந்து துப்பட்டாவை அவிழ்த்தாள். கழுத்தும் இடது தாடையும் மோசமாக இருந்தன. என்னிடம் வர முடியாமல் பிளக்கரால் பிடுங்கியிருக்கிறாள், சில முடிகள் தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகியிருந்தன. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கட்டிலைக் காட்டினேன். படுத்துக்கொண்டாள்.

இதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மின்சாரத்தின் அளவை ஒருவருக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைப்பது வழக்கம். அவளுக்கு எவ்வளவு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேலே திருப்பினேன். தோல் வேகிற அளவுக்கு இல்லை, ஆனால் தேவைக்கு மேலே. நல்ல குடும்பத்துப் பெண் எவ்வளவு தாங்குகிறாள் என்று பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் திருப்பினேன். முதல் முடி, இரண்டாவது, மூன்றாவது. அவள் சத்தமே போடவில்லை. கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த கை வெளுத்துவிட்டது.

“வலிக்குதா?” என்றேன்.

“இல்லக்கா.”

அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றரை வருடம் என் கைக்குக் கீழே படுத்தவள், வித்தியாசம் தெரியாமல் இருக்குமா? நான் அளவைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். கொஞ்ச நேரம் ஊசியை வைத்துவிட்டு, குளிர்ந்த பஞ்சை அவள் தாடையில் ஒற்றினேன்.

“வீட்ல என்னன்னு சொல்லிட்டு வந்தீங்க?”

“கோயிலுக்குன்னு. அவர் நம்பல. முன்னாடி மாடிப்படி இறங்கினா போதும், இப்ப ரயில் ஏறி வரணும் இல்லியா. ரெண்டு மாசமா இடம் தேடி அலைஞ்சேன். எங்கே போறேன்னு கேக்கறார். போன்ல யார் நம்பர் இருக்குன்னு பார்க்கறார். போன வாரம் நேரடியாவே கேட்டுட்டார், யார் அவன்னு.”

“அய்யோ. அப்பவாவது சொல்லியிருக்கலாமே. இதுதான்னு சொல்லிட்டா தீர்ந்துபோச்சே.”

அவள் பஞ்சைப் பிடித்திருந்த என் கையைத் தொட்டாள்.

“அவர் அப்படியே நினைச்சுக்கட்டும்க்கா. அது எவ்வளவோ தேவலை.”

நான் கையை எடுக்கவில்லை. ஏழெட்டு மாதமாக அவளை மனதுக்குள் நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதுதான் பதில். அன்று எல்லோர் முன்னாலும் என் மேல் அவள் ஏற்றிவிட்ட பழி, அவள் கணக்கில் பெரிய விஷயமே இல்லை. தன் மேலும் அதையே ஏற்றிக்கொள்ள அவளால் முடிகிறது. தாடையில் இருக்கிற இந்த நாற்பது ஐம்பது முடியைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

விளக்கைக் கிட்டே இழுத்து, முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். அன்று ஒரு மணி நேரம் செய்தேன், ஒரு முடியையும் இழுத்து எடுக்கவில்லை. கிளம்பும்போது துப்பட்டாவை அவளே கட்டிக்கொண்டாள். சரியாக மூடியிருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள், நான் பார்த்துச் சொன்னேன்.